வாங்கலும் விற்றலும்: ஆங்கில வணிகச் சொற்களின் பிறப்பும் பெயர்ச்சியும்

ஒரு மக்களின் பழைய வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் கல்வெட்டுகளையும் நாடுவர். கடைத்தெருவில் நாள்தோறும் புழங்கும் சொற்களை நாடுவோர் சிலரே. ஆயினும் அச்சொற்கள் கல்வெட்டுக்கு நிகரான சான்றுகள். படையெடுப்பு, குடிபெயர்வு, கடல்வணிகம் ஆகியவற்றின் தடங்கள் அவற்றில் பதிந்துள்ளன. வாங்குதல், விற்றல், விலை, கடை ஆகிய பொருள்களில் இன்று வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பிறப்பையும் பொருள்மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என்னும் வினா எழலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் கற்போர் ஆங்கிலத்தையும் உடன் கற்கின்றனர். இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இயல்பாகவே அமைகிறது. ஒப்பிடும் பழக்கம் நல்லது. ஆனால் ஒப்புமையைக் கண்டவுடன் உறவு என்று முடிவு கட்டும் பழக்கம் நல்லதன்று. ஆங்கிலச் சொல் ஒன்றில் தமிழொலி கேட்டால் அது தமிழிலிருந்தே போயிற்று என்று மேடையில் முழங்குவாரும், அத்தகைய எதுவும் இருக்க இயலாது என்று எள்ளி ஒதுக்குவாரும் நம்மிடையே உள்ளனர். இருவரும் சான்றைத் தேடுவதில்லை. சான்றைத் தேடும் முறையை மாணவர்க்குக் காட்டுவதே இக்கட்டுரையின் உள்நோக்கம்.

1. ஒரு செயலுக்கு இரு சொற்கள்

வாங்குதலுக்கு ஆங்கிலத்தில் 'பை' என்றும் 'பர்ச்சேஸ்' என்றும் இரு வினைகள் உள்ளன. முன்னது வீட்டிலும் தெருவிலும் வழங்குவது. பின்னது அலுவலகத்திலும் ஒப்பந்தத்திலும் வழங்குவது. இவ்வேறுபாட்டின் வேர் 1066ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டில் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. உழவரும் கைவினைஞரும் தம் பழைய ஆங்கிலத்தையே பேசினர். இரு அடுக்கு மக்களின் சொற்களும் பின்னர் ஒரே மொழிக்குள் கலந்தன.

'பை' பழைய ஆங்கிலச் சொல். அதன் உடன்பிறப்பு காதிக் மொழியிலும் உண்டு. ஜெர்மானியக் கிளைக்கு வெளியே அதன் மூலம் உறுதியாக நிறுவப்படவில்லை. 'பர்ச்சேஸ்' என்பதன் கதை தெளிவானது. பழைய பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் முனைந்து துரத்துதல், தேடிப் பெறுதல் என்பது. வேட்டையாடித் துரத்துதலைக் குறிக்கும் 'சேஸ்' என்னும் சொல்லே அதனுள் உறைகிறது. 14ஆம் நூற்றாண்டளவில் பணம் கொடுத்துப் பெறுதல் என்னும் பொருள் அதற்கு அமைந்தது. இன்று கொள்முதல் பிரிவில் அமர்ந்து கோப்பில் கையெழுத்திடும் அலுவலர் ஆளும் சொல், ஒரு காலத்தில் இரைதேடி ஓடுவோனின் சொல்லாக இருந்தது.

விற்றலைக் குறிக்கும் 'செல்' என்னும் வினை இதனினும் வியப்புக்குரியது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் கொடுத்தல் என்பதே. விவிலியத்தில் அன்றாட உணவைத் தருமாறு இறைவனை வேண்டும் இடத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வினையையே ஆள்கிறது. காதிக் மொழியில் இதன் இனச்சொல் பலியிடுதலைக் குறித்தது. விலை பெற்றுக்கொண்டு கொடுத்தல் என்று பொருள் குறுகியது பிற்காலத்தில்தான்.

தமிழிலும் இத்தகைய நகர்வு உண்டு. 'வாங்கு' என்பது பழந்தமிழில் வளைதலையும் இழுத்தலையும் குறித்தது; நாணை இழுத்து வில்லை வளைப்பதும் வாங்குதலே. தன்பால் இழுத்தல், பெறுதல், விலை கொடுத்துப் பெறுதல் என அது படிப்படியாக நகர்ந்தது. 'கொள்' என்பதும் எடுத்துக்கொள்ளுதலில் தொடங்கி விலைக்குப் பெறுதலை அடைந்தது. கொள்முதல், கொள்வனவு ஆகியவை அதன் வழிவந்தவை. இங்கு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் சொல்லுறவு எதுவும் இல்லை. கைகளின் செயலே வணிகத்தின் பெயராயிற்று என்னும் போக்கு மட்டுமே பொது. இப்போக்கொற்றுமையையும் சொல்லுறவையும் குழப்பிக்கொள்ளாதிருத்தல் முதற்பாடம்.

2. ரோமானிய வணிகன் விட்டுச்சென்ற சுவடு

மலிவைக் குறிக்கும் 'சீப்' என்னும் சொல்லின் பயணம் நெடியது. இலத்தீனில் 'காவ்போ' என்பது சிறுவணிகனையும் விடுதி நடத்துவோனையும் குறித்தது. ரோமப் பேரரசின் எல்லையில் வாழ்ந்த ஜெர்மானியக் குடிகள் அவனிடம் பண்டம் கொண்டனர். அவன் பெயரையும் கொண்டனர். வாங்குதலுக்கு இன்று ஜெர்மன் மொழியில் வழங்கும் 'காவ்ஃபன்', டச்சு மொழியில் வழங்கும் 'கோப்பன்' ஆகியவை அதன் வழிவந்தவை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் பெயருக்கு வணிகர் துறைமுகம் என்பது பொருள்; அதன் முற்பகுதியிலும் அந்த ரோமானியச் சிறுவணிகனே இருக்கிறான்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சானியர் இச்சொல்லையும் உடன் கொண்டுவந்தனர். பழைய ஆங்கிலத்தில் இது வணிகத்தையும் சந்தையையும் குறித்ததேயன்றி மலிவைக் குறிக்கவில்லை. இலண்டனில் உள்ள 'சீப்சைட்' என்னும் தெரு மலிவுத்தெரு அன்று. இடைக்காலத்தின் பெருஞ்சந்தை கூடிய இடம் அது. அதனை ஒட்டிய தெருக்கள் இன்றும் ரொட்டித்தெரு, பால்தெரு என்று பொருள்படும் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. விலை நயமாக அமைந்தால் அதனை 'நல்ல சந்தை' என்று பொருள்படும் தொடரால் குறித்தனர். பிரெஞ்சு மொழியிலும் இவ்வாறே வழங்கும். 16ஆம் நூற்றாண்டளவில் 'நல்ல' என்னும் அடை உதிர்ந்து, சந்தை என்ற சொல்லே மலிவு என்ற பொருளை ஏற்றது. பின்னர்த் தரக்குறைவு என்னும் இழிபொருளும் ஒட்டிக்கொண்டது. இச்சொல்லோடு ஆள் என்னும் சொல் சேர்ந்த 'சாப்மன்' என்பது ஊர்சுற்றி வணிகனைக் குறித்தது. அதன் குறுக்கமே இன்று 'அந்த ஆள்' என்று சாதாரணமாகச் சுட்டப் பயன்படும் 'சாப்'.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் வேறு வழியில் பிறந்தது. 'மலி' என்றால் நிறைதல், மிகுதல். பண்டம் மிகுந்தால் விலை குறையும்; அதனால் மலிவு. ஆங்கிலச்சொல் சந்தையிலிருந்து பிறக்க, தமிழ்ச்சொல் மிகுதியிலிருந்து பிறந்தது. பொருளியல் பாடத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விளக்கம் இரண்டெழுத்து வேரில் அடங்கியிருப்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

3. விலையும் மதிப்பும்

பணம் செலுத்துதலைக் குறிக்கும் 'பே' என்பது அமைதி என்னும் பொருளுடைய இலத்தீன் 'பாக்ஸ்' என்பதிலிருந்து வந்தது. அமைதிப்படுத்துதல் என்பது அதன் முதற்பொருள். கடன் கொடுத்தவனின் மனக்கொதிப்பைத் தணித்தலே கடனைத் தீர்த்தல். கடனைத் 'தீர்த்தல்' என்று நாம் கூறுவதிலும் ஒரு நிலையை முடித்துவைக்கும் எண்ணம் உண்டு. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் ஆங்கில 'ஓ' என்னும் வினையின் பழைய இறந்தகால வடிவமே, செய்யக் கடமைப்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஆட்' என்னும் துணைவினை. தமிழில் 'கடன்' என்னும் ஒரே சொல் கடமையையும் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் குறிப்பது அனைவரும் அறிந்ததே. தொடர்பற்ற இரு மொழிகள் கடமையையும் கடனையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன.

விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்', புகழ்ச்சியைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' ஆகிய மூன்றும் ஒரு தாய் மக்கள். இலத்தீனில் விலை, மதிப்பு என்று பொருள்படும் 'பிரெட்டியும்' பழைய பிரெஞ்சில் 'ப்ரீஸ்' என்றாகி ஆங்கிலத்தில் புகுந்தது. மதிப்பிடுதல் ஒருபுறம் விலையாயிற்று, ஒருபுறம் வெகுமதியாயிற்று, ஒருபுறம் புகழுரையாயிற்று. எழுத்துக்கூட்டலில் உள்ள வேறுபாடு பிற்காலத்தில் அமைந்தது.

'டியர்' என்னும் பழைய ஆங்கிலச் சொல் விலையுயர்ந்தது, அன்புக்குரியது என்னும் இரு பொருளையும் தொடக்கம் முதலே தாங்கியது. மடலின் தலைப்பில் நாம் எழுதும் அச்சொல்லும், விலை மிகுதி என்று கடையில் முணுமுணுக்கும் அச்சொல்லும் ஒன்றே. தமிழில் 'அருமை' என்பது இதற்கு அணுக்கமானது. எளிதில் கிட்டாதது அரியது, அரியது போற்றத்தக்கது, ஆதலால் 'அருமை மகள்' என்கிறோம்.

செலவிடுதலைக் குறிக்கும் 'ஸ்பென்ட்' என்பதன் இலத்தீன் மூலம் எடைபோட்டுக் கொடுத்தலைக் குறித்தது. உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தின் நினைவு அது. எடையையும் பணத்தையும் ஒருங்கே குறிக்கும் 'பவுண்ட்' அதே இலத்தீன் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழரோ பணத்தின் நடமாட்டத்தை நோக்கினர்: செல்வது செலவு, வருவது வரவு.

பணத்துக்கு முந்திய காலத்தையும் சொற்கள் காட்டும். பழைய ஆங்கிலத்தில் கால்நடை, உடைமை, பணம் ஆகிய மூன்றனையும் ஒரே சொல் குறித்தது. அதன் ஜெர்மானிய இனச்சொல் இன்றும் கால்நடையைக் குறிக்கும். இலத்தீனில் பணத்தின் பெயர் கால்நடையின் பெயரிலிருந்தே பிறந்தது. 'மாடு' என்னும் சொல்லைச் செல்வம் என்னும் பொருளில் திருக்குறளின் 400ஆம் பாடல் ஆள்வதை நம் மாணவர் அறிவர். ஆநிரையே செல்வமாக இருந்த வாழ்வு மனித இனத்தில் பல இடங்களில் தனித்தனியே இருந்தது.

4. கடையும் வெட்டும்

கடையைக் குறிக்கும் 'ஷாப்' என்பது பழைய ஆங்கிலத்தில் சாய்ப்புக் கொட்டகையைக் குறித்தது. கைவினைஞர் அமர்ந்து பொருள் செய்த இடமும் விற்ற இடமும் அதுவே. பட்டறையைக் குறிக்கும் 'ஒர்க்‌ஷாப்' அப்பழைய பொருளை இன்றும் காத்துவருகிறது. கடைகடையாகச் சென்று வாங்குதல் என்னும் வினைப்பொருள் 18ஆம் நூற்றாண்டில் அமைந்தது. தமிழில் 'கடை' என்பது முடிவு, வாயில் ஆகிய பொருள்களையும் உடையது. வீட்டின் தலைவாயிலைக் குறித்த சொல் விற்பனையிடத்தையும் குறித்தது. அச்சொல்லே கடல் கடந்து மலாய் மொழியில் 'கெடாய்' என்று வழங்குகிறது. வணிக மூலதனத்தைக் குறிக்கும் மலாய்ச்சொல் 'மோடல்' என்பதும் தமிழ் 'முதல்' என்பதன் வடிவமே. மலாக்காவிலும் கெடாவிலும் தமிழ் வணிகர் பண்டத்தோடு சொல்லையும் இறக்கினர் என்பதற்கு இவை உறுதியான சான்றுகள்.

சில்லறை விற்பனையைக் குறிக்கும் 'ரீட்டெய்ல்' வெட்டுதல் என்னும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. துணி வெட்டித் தைக்கும் 'டெய்லர்' அதன் உறவினர். மொத்தமாக உள்ளதை வெட்டிச் சிறுதுண்டாக்கி விற்பதே அத்தொழில். மாறாக, மளிகைக்கடைக்காரரைக் குறிக்கும் 'குரோசர்' என்னும் சொல் மொத்தமாக விற்போரையே முதலில் குறித்தது. இன்று கால் கிலோ பருப்பை நிறுத்துத் தருபவரும் அப்பெயரையே தாங்குகிறார். பேரம் பேசுதலைக் குறிக்கும் 'ஹேகல்' என்பதும் வெட்டுதலே. அது வடகடலோடிகளான ஸ்காண்டிநேவியரின் கொடை. தாறுமாறாக வெட்டுதல் என்ற பொருள் விலையை வெட்டிக் குறைத்தலுக்குப் பெயர்ந்தது.

'கஸ்டமர்' என்னும் சொல்லில் வழக்கம் என்னும் பொருளுடைய 'கஸ்டம்' உள்ளது. ஒரே கடைக்கு வழக்கமாக வருபவரே அவர். தமிழில் வாடிக்கை என்றால் வழக்கம். அவ்வாறு வருபவர் வாடிக்கையாளர். ஒருமுறை வந்து போகிறவரை இவ்விரு சொற்களும் முதலில் குறிக்கவில்லை. வணிகத்தின் அடிப்படை தொடர்ச்சியான நம்பிக்கை என்பதைச் சொற்களே கூறிவிடுகின்றன.

5. காசும் 'கேஷும்'

இனி, நம் மேடைகளில் அடிக்கடி எழும் வினாவுக்கு வருவோம். ஆங்கிலக் 'கேஷ்' தமிழ்க் 'காசு' தானா? ஆம் என்பதும் இல்லை என்பதும் பாதி உண்மை. ஆங்கிலத்தில் ஒலியும் எழுத்தும் ஒத்த இரு 'கேஷ்'கள் இருந்தன.

முதலாவது, கையிருப்புப் பணம் என்று இன்று வழங்குவது. இலத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெய்ஸ்' என அது பணப்பெட்டியைக் குறித்தது. அங்கிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொல் பெட்டியிலிருந்து நகர்ந்து பெட்டியில் உள்ள பணத்தைக் குறித்தது. கடையில் பணப்பொறுப்பு வகிக்கும் 'கேஷியர்' இக்குடும்பத்தவர்.

இரண்டாவது, ஆசியச் சிறுநாணயம் ஒன்றின் பெயர். இது தமிழ்க் காசு. இராசராச சோழனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காசு என்னும் சொல் பலவிடத்தும் பயில்கிறது. 1498இல் இந்தியக் கரையையும் 1511இல் மலாக்காவையும் அடைந்த போர்த்துகீசியர் இச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். அவர்தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்னும் சொல்லின் வடிவிலேயே இதனையும் எழுதினர். அங்கிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் முறை நிலைபெறும்வரை இக்கணக்கு நடந்தது. நடுவில் துளையிட்ட சீனச் செப்புக் காசையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே குறித்தனர். 1886இல் யூல், பர்னெல் ஆகியோர் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' இந்நாணயப்பெயரைத் தமிழ்க் காசோடு இணைத்துக் காட்டுகிறது.

ஆகவே, சீனக் காசின் ஆங்கிலப்பெயரில் தமிழ் இருக்கிறது. கடைக்காரர் கேட்கும் ரொக்கத்தின் ஆங்கிலப்பெயரில் இத்தாலியப் பெட்டி இருக்கிறது. இரண்டும் ஒலியால் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. இதனை இவ்வாறு பிரித்துரைப்பதால் தமிழுக்கு எவ்விழுக்கும் இல்லை. ஒரு தமிழ் நாணயத்தின் பெயர் போர்த்துகீசியர் நாவில் ஏறி, ஆங்கிலேயர் கணக்கேட்டில் பதிந்து, சீன நாணயத்துக்கும் பெயராயிற்று என்பது மெய்யான பெருமை. பொய்யான பெருமையை அதனோடு சேர்த்துக் கட்டினால், பொய் வெளிப்படும் நாளில் மெய்யும் ஐயத்துக்குள்ளாகும்.

சரக்கறையைக் குறிக்கும் 'கோடவுன்' என்பதும் இத்தகையதே. ஆங்கிலேயர் இதனை இக்கீழ்க்கடற் பகுதியில் கற்றனர். மலாய் மொழியில் 'கூடாங்' என்பர். அதன் மூலம் தென்னிந்தியக் 'கிடங்கு' எனக் கருதப்படுகிறது. இக்கருத்து சரியாயின், நாம் ஆங்கிலச்சொல் என்று எண்ணிக் 'குடோன்' என எழுதுவது, ஊர்சுற்றி வேற்றுடை பூண்டு வீடு திரும்பிய நம் சொல்லே. இவ்விடத்தில் 'கருதப்படுகிறது' என்று அளந்து கூறுதல் ஆய்வாளர் கடமை.

6. ஒலி ஒப்புமை மட்டும் போதாது

பரிசு என்னும் தமிழ்ச்சொல்லும் வெகுமதியைக் குறிக்கும் ஆங்கிலப் 'பிரைஸும்' ஒலியிலும் பொருளிலும் ஒத்துள்ளன. இவற்றை இணைக்க விரும்பாத மனம் அரிது. ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கித் தொடர்ந்தால் பழைய பிரெஞ்சு 'ப்ரீஸ்' வழியாக இலத்தீன் 'பிரெட்டியும்' வரை இடையறாத சான்று உண்டு. ஒவ்வொரு படியிலும் எழுதப்பட்ட நூல்கள் உள்ளன. பின்னோக்கிச் செல்லச் செல்ல அது பரிசு என்னும் வடிவிலிருந்து விலகுகிறது, நெருங்கவில்லை. தமிழ்ப் 'பரிசு' தன்மை, விதம் என்னும் பொருள்களையும் பழைய வழக்கில் உடையது. உறவுடைய சொற்கள் பின்னோக்கிச் செல்லும்போது ஒன்றையொன்று நெருங்க வேண்டும். விலகினால் அது தற்செயல் ஒப்புமை.

இதிலிருந்து மாணவர் கைக்கொள்ளத்தக்க மூன்று வினாக்கள் பிறக்கின்றன. அச்சொல்லின் மிகப் பழைய வடிவம் எது? எந்த மக்கள் வழியாக, எக்காலத்தில் அது பெயர்ந்திருக்கக்கூடும்? இடைப்படிகளுக்கு எழுத்துச்சான்று உண்டா? காசு இம்மூன்றிலும் தேறுகிறது, கெடாயும் தேறுகிறது, பரிசு முதல் வினாவிலேயே வீழ்கிறது.

7. நம் நாவில் உள்ள வரலாறு

இறுதியாக, நம் பணத்தின் பெயரைக் கருதுவோம். 'டாலர்' என்பது இன்றைய செக் நாட்டில் உள்ள யோவாக்கிம்ஸ்தால் என்னும் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கிடைத்த வெள்ளியால் அடித்த நாணயம் அவ்வூர்ப்பெயரால் 'தாலர்' எனப்பட்டது. பின்னர் ஸ்பானிய வெள்ளி நாணயத்துக்கு ஆங்கிலேயர் அப்பெயரை வழங்கினர். அந்நாணயம் இந்நீரிணைப் பகுதியில் நெடுங்காலம் செலாவணியாக இருந்தது. மலாய்க்காரர் அதன் விளிம்பில் இருந்த பல்வரிசையைக் கண்டு 'ரிங்கிட்' என்றனர். தமிழர் அதன் உலோகத்தைக் கண்டு 'வெள்ளி' என்றனர். ஒரே நாணயத்தில் ஐரோப்பியர் ஊரையும், மலாய்க்காரர் விளிம்பையும், தமிழர் உலோகத்தையும் கண்டனர்.

இன்று நாணயத்தில் வெள்ளி இல்லை. தாளில் அறவே இல்லை. எனினும் 'ஐந்து வெள்ளி ஐம்பது காசு' என்று சிங்கப்பூர்த் தமிழர் கூறுகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வருவோர்க்கு இத்தொடர் புதிதாக ஒலிக்கும். அதனால் சில இளைஞர் இதனைக் கொச்சை என்று கருதி 'டாலர்', 'சென்ட்' என்று மாற்றிப் பேசத் தலைப்படுகின்றனர். இது வருந்தத்தக்கது. ஸ்பானிய வெள்ளி புழங்கிய துறைமுகத்தில் பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கிய நம் முன்னோர் இட்ட பெயர் அது. சோழர் கல்வெட்டில் உள்ள காசு அதன் அருகிலேயே நிற்கிறது.

ஆசிரியர்கள் வகுப்பறையில் ஒரு கடைச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டே இப்பாடத்தைத் தொடங்கலாம். அதில் அச்சிடப்பட்ட சொற்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்று மாணவரைத் தேடச் செய்யலாம். தேடலின் முடிவில் தமிழ் வந்தால் மகிழ்க. இலத்தீன் வந்தாலும் மகிழ்க. சான்று காட்டிய இடத்தில் நிற்கப் பழகிய மாணவனே நாளை 'வெள்ளி' என்று சொல்லத் தயங்காதவனாகவும், அது ஏன் வெள்ளி என்று பிறர்க்கு விளக்க வல்லவனாகவும் இருப்பான்.